நடுவில் கிடக்கும் கட்டில்

ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒற்றைக் கட்டில் ஒன்று அறையின் நட்டநடுவில் கிடக்கிறது. கீழே இறங்குகிற எவரும் ஒருமுறையாவது அதில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். இதைச் சுவரோரம் தள்ளினால் என்ன என்று கேட்பார்கள். அது மாமாவின் கட்டில் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மாமா பாரிசிலிருந்து வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் பிரிந்தவர்கள் ரொறன்ரோ விமான நிலையத்தில்தான் மறுபடி ஒருவரையொருவர் கண்டார்கள். கோடை முழுவதும் நின்று பார்ப்பது, பிடித்தால் இங்கேயே இருந்துவிடுவது என்று பேச்சு. அம்மா அவருக்காக பேஸ்மென்ட் முழுவதையும் ஒழித்துப் புதுக் கம்பளம் விரித்திருந்தார். மாமாவோ கட்டிலை ஒரு மூலைக்குள் தள்ளி, சூட்கேசை அதன் கீழே செருகி, ரேடியோவையும் கேத்தலையும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிக்கொண்டார். மிச்ச அறை வெறுமையாகக் கிடந்தது. பாரிசில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த மனிதர். அங்கே கட்டிலில் இருந்தபடியே கறியைக் கிளறலாமாம். அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, “சூட்கேசைக்கூடத் திறந்து அடுக்கேல்லை. உவன் நிக்கமாட்டான்” என்று அப்பாவிடம் புலம்புவார்.

அப்பாவிடம் அப்போது பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. எட்டு சிலிண்டர், முன்னுக்கே மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அத்தான், உதுக்குள்ளை எங்கடை பாரிஸ் அறை அடங்கும்” என்றார். ஒருநாள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அவரே ஓட்டிவந்தார். கிழமை நாள், கார் நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. மனிதர் அவ்வளவு இடத்தையும் விட்டுவிட்டு, தனியே நின்ற ஒரு வான் வண்டியோடு ஒட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் மறுபக்கக் கதவால் தவழ்ந்து இறங்கினோம். அதோடும் விடவில்லை. வெறும் இடம் கிடந்த பக்கத்துக் கண்ணாடியைப் பிடித்து மடக்கினார். அது மடங்குகிற கண்ணாடி இல்லை. படக்கென்று கையோடு கழன்று வந்தது.

“பாரிசிலை மடக்காட்டி லொறி இழுத்துக்கொண்டு போயிடும், அத்தான்” என்றார், கண்ணாடியைக் கையில் வைத்தபடி.

“உந்த வெறும் இடத்துக்குள்ளாலை ரெயினே போகும், தம்பி” என்றார் அப்பா. வயிறு நோகச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் மனம் இன்னும் பாரிசில்தான் நிற்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. பிள்ளையாருக்கு முன்னால் அன்று வழமையைவிடக் கனநேரம் நின்றார்.

மாமா பாரிசுக்குத் திரும்பும் பயண நாள் நெருங்கியது. ஒரு காலை தேத்தண்ணியோடு கீழே போன அம்மா எங்களைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் நடுவில் கிடந்தது. மாமா கைகால்களை எறிந்துவிட்டு நித்திரை கொண்டிருந்தார். சூட்கேஸ் வெறுமையாகத் திறந்து கிடந்தது, உடுப்பெல்லாம் அலுமாரிக்குள் ஏறியிருந்தது. சத்தத்துக்கு எழும்பியவர் வெட்கத்தோடு, “ரண்டு பக்கத்தாலையும் இறங்கிப் பாப்பமெண்டு, அக்கா” என்றார். அம்மா கட்டில் விளிம்பில் இருந்து அழுதார். அப்படி ஒரு சந்தோஷ அழுகையை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

இப்போது மாமாவுக்கு ரொறன்ரோவிலேயே, வெக்ஸ்போர்ட்டில் சொந்த வீடு. பூட்டியதும் தானாகவே கண்ணாடியை மடக்குகிற கார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போன மாதம் ஒரு ஞாயிறு மேசைப்பந்து மேசை வாங்கிவந்த என் மகன், இடம் எடுக்கக் கட்டிலை மெல்லத் தள்ளப் பார்த்தான். படிக்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

“தொடாதை! உதைச் சுவரோடை சேர்த்தால் உவன் பாரிசுக்குப் போயிடுவான்.”

மேலே குசினியில் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது.