காதுகுத்தும் கியர்பெட்டி மூடியும்

இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் அப்படி இல்லை. எவ்வளவு சூடானாலும் அதே வெள்ளை முகத்தோடு இருக்கும். கொஞ்சம் அசந்தால் பொத்தென்று உருகிக் கீழே விழும். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அங்கே நான் இருந்ததே கொஞ்ச காலம். இன்றைக்கு மெட்ரோ ரயில் ஓடுகிற காலடிப்பேட்டையில், அன்றைக்கு எங்கள் வீட்டை ஒட்டி நைனா ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டது. விரிசல் விட்ட வார்ப்பு அலுமினியத்தை கேஸ் வெல்டிங்கில் ஒட்டவைக்க எண்ணூர் வரைக்கும் என் நைனாவை விட்டால் ஆளில்லை என்பார்கள். நானும் அதையேதான் சொல்லுவேன்.

அப்பேர்ப்பட்ட நைனாவுக்கும் என் தாய்மாமாவுக்கும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. காரணம் என் காது. காதுகுத்துக்கு மாமன் மடியில்தானே பிள்ளையை உட்காரவைப்பார்கள்? மாமா காசிமேட்டில் ஒரு மீன்பிடி லாஞ்சுக்கு இன்ஜின் டிரைவர். அன்றைக்குப் பார்த்துக் கடலிலிருந்து லாஞ்சு திரும்ப நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று நைனா என்னைப் பெரியப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார். மாமா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது நான் அழுது முடித்துப் பொரி தின்றுகொண்டிருந்தேனாம். அன்றோடு போச்சு. அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இவர் காசிமேட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை. அம்மா மட்டும் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். வந்து ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒருநாள் காலையில் அம்மா அங்கிருந்து வரும்போது கைப்பிள்ளையைப் போல ஒன்றைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். பிரித்தால், லாஞ்சு இன்ஜினின் அலுமினியக் கியர்பெட்டி மூடி. குறுக்கே விரிசல். மாமா கழற்றும்போது கை தவறிக் கீழே போட்டுவிட்டாராம். மறுநாள் விடியலில் மற்ற லாஞ்சுகள் எல்லாம் கிளம்புகின்றன. கூடவே கிளம்பாவிட்டால் வேறு டிரைவர் போட்டுக்கொள்வதாக ஓனர் சொல்லிவிட்டாராம். அம்மா இதைச் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். யாருடையது என்று நைனாவும் கேட்கவில்லை.

நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். மூடியைக் கிரசினில் கழுவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசலுக்குள் ஒளிந்திருந்த கிரசின் கசிந்து வந்து, கண்ணுக்குத் தெரியாத இடம் வரைக்கும் கோடு போட்டுக் காட்டியது. விரிசல் அதற்குமேல் ஓடாமல் இருக்கக் கோட்டின் இரண்டு நுனியிலும் துளை போட்டார். விரிசலை அரத்தால் ராவிப் பள்ளமாக்கினார். கரியடுப்பில் சூடேற்றும்போது துணி துவைக்கிற சோப்பால் மூடிமேல் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு கருத்தால் சூடு போதும் என்று கணக்கு; அதன் பிறகுதான் கேஸைப் பற்றவைத்தார். பழைய பிஸ்டனை உருக்கி அவரே ஊற்றி வைத்திருந்த கம்பி, சொட்டுச் சொட்டாக இறங்கிப் பள்ளத்தை நிரப்பியது. நைனா மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அப்படி ஒரு கை அது. முடிந்ததும் சூட்டோடு சூடாக, சாம்பல் நிரப்பிய தகரப்பெட்டிக்குள் மூடியைப் புதைத்துவிட்டுப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். அது தானாக, மெதுவாக ஆறவேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும்.

மத்தியானத்துக்கு மேல் மாமாவே வந்துவிட்டார். தலையில் ஒரு சாக்கு; அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ். காசிமேட்டு ஆளுக்கு எதைக் குளிரவைக்க வேண்டுமென்றாலும் கை ஐஸுக்குத்தான் போகும். ஒத்தாசை செய்வதாக நினைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே பெட்டியிடம் போய், சாம்பலை விலக்கி ஐஸைக் கொட்டப் போனார்.

"மச்சான், கை வெக்காத. கொட்னா விண்டுபூடும்."

நைனா போட்ட சத்தத்தில் கொட்டகையே அதிர்ந்தது. அவர் வாயிலிருந்து மச்சான் என்ற வார்த்தையை நான் கேட்டதே அன்றைக்குத்தான். அப்புறம் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஐஸ் வைப்பதற்கு இது இன்னா வஞ்சிரமா என்றார். மூளையையும் ஐஸ் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்றார். திட்டிக்கொண்டே சாம்பலை அள்ளி மறுபடி மூடினார்.

மாமா சாக்கைக் கீழே வைத்தார்.

"கொயந்தைக்கு காது குத்தசொல்ல எனுக்கோசரம் கொஞ்ச நேரம் நிக்கல நீ. இந்த மூடிக்கு மட்டும் பொயுதுக்கும் குந்திகினு கீற, மாமே."

நைனா பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாமா உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே டீ கொண்டுவந்தாள். தம்பியைத் திட்டி அம்மாவை அழவைத்துவிட்டாரே என்று எனக்கு நைனாமேல் கோபம். திட்டு வாங்கிய மாமாவோ டீயை ஊதி ஊதிக் குடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். ரோஷம் கெட்ட மனுஷன் என்று அவர்மேலும் கோபம்.

லாஞ்சு மற்ற லாஞ்சுகளோடு விடியலில் கிளம்பியது. பின்னாளில் அந்த இன்ஜினே தேய்ந்து காயலான் கடைக்குப் போனது. நைனா ஒட்டிய இடம் மட்டும் விடவே இல்லை. மாமாதான் கடைசிவரை அதற்கு டிரைவர்.

அன்று சாயங்காலம் நடந்த ஒன்றுதான் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. இன்னும் ஆழமாக விட்டு மூடியையே தொட்டேன். நைனா, ஆறிப்போச்சு என்றேன். பலகையை விட்டு இரண்டு பேரும் அசையவில்லை.

"இன்னும் ஆறல. நீ போய் வெளாடு" என்றார் நைனா. மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

இவ்வளவு பெரிய வேலைக்காரருக்கு ஆறிப்போனது தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே விளையாடப் போனேன்.