ஒதுக்கிவிட்டு எடுத்த தண்ணீர்

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தொழிற்சாலைக் கழிவுநீர்தான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. நுண்ணோக்கியில் பாசி எண்ணும் வேலை எப்போதாவது வரும். வந்தால் என் மேசைக்குத்தான் வரும், கல்லூரியில் தாவரவியல் படித்த பாவத்துக்கு.

பாசி என்றதும் படிக்கட்டில் வழுக்குவதை நினைக்க வேண்டாம். நான் சொல்வது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய வகை. ஓர் ஏரியில் எந்தெந்த வகைகள் சேர்ந்து வாழ்கின்றன, எது தலைதூக்கியிருக்கிறது என்று பார்த்தால் ஏரியின் நிலைமை தெரிந்துவிடும். ரசாயனச் சோதனை அன்றைய தண்ணீரைச் சொல்லும். பாசியோ கொஞ்ச நாளாக அங்கே என்ன கலந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். டயாட்டம் என்கிற பழுப்பு நிறப் பாசிகள் பலவகையாக இருந்தால் நிம்மதி. நீலப்பச்சைப் பாசி மட்டும் மண்டிக் கிடந்தால் எங்கிருந்தோ சாக்கடை வந்து சேர்கிறது, மீனுக்கு ஆபத்து என்று அர்த்தம்.

பென்னலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் புரட்டாசியில் எங்களிடம் வந்தார். தண்ணீர் பச்சையாகிக்கொண்டே போகிறது. புரட்டாசியில் மீன் வாங்க ஆளில்லை. மாதம் முடியும்வரை விட்டுவைக்கலாமா, இல்லை இப்போதே வலை போட்டுவிட வேண்டுமா என்று கேட்டார். அவருடைய ஒரு வருஷத்து மீன் எங்கள் பதிலை நம்பி ஏரியில் கிடந்தது.

மறுநாள் காலை நானே போனேன். அவரும் கூட நின்றார். மதகருகே பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல் ஆடை படிந்திருந்தது. பாட்டிலின் அடியால் அதை இரண்டு முறை ஒதுக்கிவிட்டு, தெளிந்த இடத்தில் அமுக்கி நிரப்பினேன். கழிவுநீர் எடுக்கும்போது அப்படித்தான் செய்வோம். மிதப்பது குப்பை, குப்பை பாட்டிலுக்குள் வரக் கூடாது. பல வருஷம் பழகிய கை. கெடாமல் இருக்க அயோடின் விட்டு மூடி எடுத்துவந்து எண்ணினேன். டயாட்டம்கள் நிறைய, பச்சைப் பாசி கொஞ்சம், நீலப்பச்சை அங்கொன்றும் இங்கொன்றும். நிலை திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வலை போடவில்லை.

நீலப்பச்சைப் பாசி தன்னிடமுள்ள காற்றுப்பைகளால் மேலே மிதக்கும். நான் ஒதுக்கியது குப்பை இல்லை, நான் எண்ண வேண்டியதே அதைத்தான். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

மாதக் கடைசியில் மூன்று நாள் வெயிலே இல்லை. பாசி மொத்தமும் செத்து அழுகி, தண்ணீரில் இருந்த பிராணவாயுவைத் தின்றுவிட்டது. நாலாம் நாள் கட்லாவும் ரோகுவும் கரை நெடுக வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. போன் வந்தது. என்ன சொல்வது என்று மேலாளரிடம் கேட்டேன். இயற்கை என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

வழியெல்லாம் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு போனேன். நாற்றத்தில் நிற்க முடியவில்லை. குத்தகைக்காரர் செத்த மீனைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இயற்கை என்று சொல்ல வரவில்லை. என் தப்பு என்றேன். எப்படி எடுத்திருக்க வேண்டும், நான் எப்படி எடுத்தேன் என்பதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க ஒதுக்கிட்டு மொண்டத பாத்துகினுதான் இருந்தேன் மேடம்," என்றார். "மேல கீறதுதான பிரச்சன, அத்த வுட்டுட்டு எடுக்கறாங்களேன்னு தோணிச்சு. படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்வாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த கூடையை அள்ளப் போனார்.