பரங்கிக்கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் கல்யாணப் பத்திரிகையும் பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப்பெயரும் வாசித்ததோடு சரி. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு. மொட்டைமாடிக்கு ஏறிவந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கிற ஆள் நான். செடிகள் வாடிக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வந்தது நினைவுக்கு வரும்.

விளாங்குடியில் மகன் வீட்டு மாடியில் கொஞ்சம் தொட்டிச்செடிகள் வைத்திருக்கிறேன். இந்த வருஷக் கத்திரி வெயிலில் காலையில் ஊற்றினால் மத்தியானம் மண் வெடித்துவிடுகிறது. வாளி தூக்க என்னால் ஆகாது. செம்பில் மொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து ஊற்றுகிறேன். மருமகள் பார்த்துவிட்டு, “அத்தை, ஒரு ட்யூப் வாங்கிப் போட்டா நின்ன இடத்துல இருந்தே ஊத்தலாம்ல?” என்கிறாள். நியாயமான பேச்சுதான். ஆனால் செம்போடு நடக்கையில் எனக்கு ஒரு பரங்கிக்கொடி ஞாபகம் வருகிறது. ட்யூப் போட்டால் அது வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்த சமயம். ஊருக்கு மேற்கே, வயலும் வீடும் கலந்து கிடந்த ஒரு தெருவில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிந்த பிறகு பஞ்சுத்தூசி படிந்த தலையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது, எழுந்து நடக்கக்கூடாது, ஒரு செம்பைக்கூடத் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா கட்டிலைக் கொல்லைவாசலை ஒட்டிப் போட்டு, கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்திவிட்டார். அம்மா தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்தபடி, கதவு வழியாகக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவளுக்கு உலகமே சரிவாகத்தான் தெரிந்திருக்கும்.

கொல்லையில் இருந்தது அம்மா தை மாதம் ஊன்றிய பரங்கிக்கொடி. படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே ஒரு பழைய மண்பானையின் அடியில் துளை போட்டு, துணித்திரி செருகி, வேர்ப்பக்கம் கழுத்துவரை புதைத்துவைத்திருந்தாள். பானையில் தண்ணீர் இருந்தால் போதும், வேர் தானாகக் குடித்துக்கொள்ளும். அந்தப் பானையை நிரப்புவதுதான் என் வேலை.

தண்ணீர் தெருமுனை அடிபம்பில். நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால்தான் அது கீழே வரும். மேலே போகும்போது என் காலும் தரையை விட்டுப் போகும். “இவ பம்பை அடிக்கிறாளா, பம்பு இவளை அடிக்குதா?” என்று வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் தாங்காது. குடம் இடுப்பில் நிற்காது என்பதால், அப்பா சோறு கொண்டுபோகும் தூக்குவாளிதான் எனக்குக் குடம். மண் சுடும். சூடு தாங்காமல் முதலில் என் காலிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன். பாவாடை குடித்தது போக மீதிதான் பானைக்கு.

“வேருக்கு ஊத்துனியா, இல்ல உன் பாவாடைக்கு ஊத்துனியா?” என்று அம்மா கட்டிலில் இருந்து கேட்பாள்.

“பானைக்குத்தாம்மா.”

“அப்ப பாவாடை எதுக்கு ஒழுகுது? இன்னொரு நடை போயிட்டு வா, என் ஆத்தால்ல.”

கொடி பூத்து, ஒரே ஒரு பிஞ்சு பிடித்தது. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, “வீட்டுக்கொடியில மொதக் காய் நின்னா வயித்துலயும் நிக்கும் தாயி. கவலைய விடு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடு சொன்ன சொல்தான். ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் கண் அந்தப் பிஞ்சை விட்டு நகரவில்லை. “பரங்கிக்காய்க்கும் பிள்ளைக்கும் என்னடி சம்பந்தம்?” என்று அப்பா சத்தம் போட்டார். போட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்ப் பிஞ்சைக் குனிந்து பார்த்தார்.

பிஞ்சை யாரும் சுட்டுவிரல் நீட்டிக் காட்டக்கூடாது. காட்டினால் வெம்பிப்போகும். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க எல்லோரும் முட்டியால்தான் பேசினோம்.

ஒருவரும் விரல் நீட்டவில்லை. ஆனாலும் வெயில் விடவில்லையே. பிஞ்சு தேங்காய்ப் பருமன் வந்திருந்த நேரம், ஒரு காலையில் தூக்குவாளியோடு போனேன். காய் காம்பை விட்டுக் கழன்று, அடிப்பக்கம் மஞ்சள் பாய்ந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அந்த நேரத்துக்குத்தான் அப்பா வேலிப்படலைத் திறந்து சைக்கிளை உள்ளே கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்தார், காயைப் பார்த்தார். காயைத் துண்டில் சுருட்டிக் கேரியரில் வைத்தார். சுவரோரம் கிடந்த சாக்கையும் எடுத்துக்கொண்டு, வந்த சைக்கிளை அப்படியே திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது. “உங்கப்பா என்ன, வந்ததும் வராததுமாத் திரும்பிப் போறாக?”

“சைக்கிளுக்குக் காத்தடிக்கம்மா.”

“காத்தடிக்கச் சாக்கு எதுக்கு?”

நான் தூக்குவாளியைப் பானையில் கவிழ்த்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா மார்க்கெட்டில் இருந்து அதே பருமனில் ஒரு பரங்கிக்காய் கொண்டுவந்துவிட்டார். அம்மா கண்ணயர்ந்ததும் இலைகளுக்கு நடுவில் அதை உட்காரவைத்தார். வெட்டின காம்பில் அழுகாமல் இருக்கக் கடைக்காரர் சுண்ணாம்பு தடவியிருந்தார். துண்டால் துடைத்தும் அது போகவில்லை. காம்பு வேலிப்பக்கம் போகிறமாதிரித் திருப்பிவைத்து, கொடியை அதன்மேல் இழுத்துவிட்டார். பிறகு என் முன்னால் குத்தவைத்து, “ஆத்தா, உங்கம்மாகிட்ட வாயைத் தொறக்கப்படாது. தொறந்தா அவ ஒடஞ்சுபோவா” என்றார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்கு முன் என்னிடம் யாரும் ரகசியம் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. “இனிமே தண்ணி எதுக்குப்பா? காயிதான் கடைக்காயாச்சே.”

“கொடி காஞ்சா அவளுக்குத் தெரியாதா? நீ பாட்டுக்கு ஊத்து.”

நான் பாட்டுக்கு ஊற்றினேன். கொடியில் இல்லாத ஒரு காய்க்காக அந்த வெயிலில் பம்பில் தொங்கினேன். சில நாள் பாதித் தெருவில் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கை வலி உயிர் போகும். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, “வேருக்கு ஊத்துனியா? இலையெல்லாம் பச்சையா நிக்குதா?” என்று கேட்பாள். நிக்குதும்மா என்பேன். பக்கத்தில் கூப்பிட்டு என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். கைப்பிடி அழுத்திச் சிவந்த கைக்கு அந்தக் கன்னம் சில்லென்று இருக்கும். இப்போதும் மாடியில் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சில நேரம் கையைப் பார்ப்பேன்.

காய் வளர்ந்தாக வேண்டுமே! அதனால் அப்பா கொஞ்ச நாள் கழித்து இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிவந்து மாற்றினார். அப்புறம் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. எல்லாக் காம்பிலும் அதே சுண்ணாம்பு. எடுத்த பழைய காயை மில்லில் ஒருத்தர் கொடுத்ததாகச் சொல்லி அப்பாவே புளிக்குழம்பு வைத்தார். அம்மா படுத்தவாக்கில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நம்ம கொடிக்காய் கணக்காவே இருக்கு” என்றாள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. “மெதுவாச் சாப்பிடுங்க. காய் எங்கயும் ஓடிராது” என்று அம்மா சொன்னாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் மழை இல்லை. காற்று மட்டும் வந்தது. பரங்கி இலைகளைப் பாவாடை மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை படலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “ஏத்தா, காய் நல்லா முத்திருச்சுபோல. கீத்துப் போட்டா நாலு வீட்டுக்குக் காணும்” என்றபடி நேரே கொடிப்பக்கம் போனார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் சுண்ணாம்பு தெரிந்துவிடும்.

“மதினி!”

அம்மா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். எழவே கூடாதவள்.

“மதினி, விரலை நீட்டாதீக!”

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எங்கடி நீட்டுனேன்? எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா?”

“கோவிச்சுக்கிராதீக மதினி. பேறுகாலம் முடியட்டும். மொதக் கீத்து உங்களுக்குத்தான். இப்பக் கிட்டப் போகாதீக.”

“உன் காயை நான் ஒண்ணும் கண்ணு வைக்கலை. மொதல்ல நீ படு தாயி, படு” என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை திரும்பிவிட்டார்கள். படல் சாத்துகிற சத்தம் கேட்டதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. “போயி இலையை இழுத்து மூடு. காத்துக்குத் தூக்காம மேல ஒரு கல்லை வையி.”

போனேன்.

“அங்கிட்டு இல்ல. காம்புப் பக்கம்.”

காம்புப் பக்கம் மூடிக் கல்லும் வைத்தேன். பிள்ளையார் காப்பாற்றினார், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, “உங்கம்மா ஒரு வெள்ளந்தி” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆவணியில் தங்கச்சி பிறந்தாள். நல்ல எடை, நல்ல தொண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அன்று, அம்மா பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்த கொல்லையில் அன்றுதான் கால் வைத்தாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். போய்ப் பிடிக்கவும் முடியாது, நில் என்று சொல்லவும் முடியாது.

அம்மா குனிந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இலைகளுக்குள் கையை விட்டாள். கத்தி ஒருதரம் அசைந்தது. காயை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். காம்பு அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. “எம்புட்டுக் கனம் பாருங்க! பிள்ளை தண்ணி ஊத்தி வளத்த காயில்ல” என்றாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் முகத்தைத் துடைத்தார். சொன்னபடி முதல் கீற்று அத்தை வீட்டுக்குப் போனது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இலை அம்புட்டு அடர்த்தி, அதனால் அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

கல்யாணமாகி நானும் ஒரு கொடி போட்டேன். முற்றின பரங்கிக்காயை முதல்முதலாக அறுத்த அன்றுதான் தெரிந்தது, அந்தக் காம்பு விறகு மாதிரி. கத்தியை ஒருதரம் அசைத்தால் கீறல்தான் விழும். முன்னும் பின்னுமாக வைத்து ராவ வேண்டும், முறுக்க வேண்டும், கை வலிக்கும். பேறுகாலம் முடிந்து எழுந்த உடம்புக்கு அது ஆகிற காரியமே இல்லை. கத்தியும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இலையெல்லாம் பச்சையா நிக்குதா என்று அம்மா தினமும் கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. இலை வாடினால் அப்பா வைத்த காய் வெளியே தெரிந்துவிடும். நான் பம்பில் தொங்கிக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் அதை மூடிவைக்கத்தான் போயிருக்கிறது.

எப்போதிருந்து தெரியும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாம். வெட்கம். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித்தள்ளி, அவள் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். அவள் ஒரு வெள்ளந்தி என்று கடைசிவரை நம்பிக்கொண்டே போனாரா, இல்லை அவரும் தெரிந்துகொண்டேதான் துண்டால் முகத்தைத் துடைத்தாரா, தெரியவில்லை.

தங்கச்சி பழங்காநத்தத்தில் இருக்கிறாள். அவளுக்கும் பேரன் பேத்தி ஆகிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். என் முழங்காலுக்கு அந்த பஸ் படி எட்டாது, அவளுக்குச் சுகர். பார்த்து ரொம்ப நாளாகிறது. இதை மருமகளிடம் கொடுத்து அவளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காய் மாற்றினது இரண்டு தடவையா மூன்று தடவையா, அத்தை வந்தது ஆடியிலா அதற்கு முன்னாலா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அவள் ஒருதரம் வாசித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும். “நான் அப்ப வயித்துக்குள்ளல்லக்கா இருந்தேன்” என்று சிரிப்பாள். இருக்கட்டும். அன்றைக்கு அந்தக் கட்டில் பக்கம் இருந்தவர்களில், கேட்பதற்கு எனக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.