அண்ணி வண்டியை நிறுத்திய சரிவு

கல்லில் ஊற்றிய மாவு வட்டமாக நிற்கவில்லை. கரண்டியின் சுழற்சியைப் பொருட்படுத்தாமல் ஒரே பக்கமாக வழிந்து, விளிம்பைத் தாண்டி அடுப்பில் சொட்டியது. வண்டிக்கு வெளியே தட்டுடன் நின்றவர், "இன்னாக்கா, தோசை கோலாருக்குக் கெளம்பிடுச்சா?" என்றார். "ஆமாண்ணா, நீங்களும் பஸ் புடிச்சுப் போய் அங்க துன்னுங்க" என்று அண்ணி உடனே திருப்பிக் கொடுத்தார். வரிசை முழுவதும் சிரித்தது. சட்னிப் பாத்திரம் என் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி, என் அண்ணனின் மனைவி. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவர். ஆறு ஆண்டுகள் விடியற்காலை ரயிலில் பெங்களூரின் தையல் ஆலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பியவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, படப்பிடிப்புக்காரர்கள் கழித்துக்கட்டிய கேரவன் ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு எஞ்சின் கிடையாது; இரண்டே சக்கரங்கள்; ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கவேண்டும். அதற்குள் அடுப்பும் தோசைக்கல்லும் ஏறின. சாம்பியன் ரீப்ஸ் ரயில் நிலையத்துக்கு இறங்கும் பாதையோரத்தில், ரயிலுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் கடந்தே தீரவேண்டிய ஓர் இடம் கிடைத்தது. சமதளமான இடங்களில் ஏற்கெனவே கடைகள் இருந்தன. எங்களுக்கு வாய்த்தது சரிவு. அந்த இடமும் போனால் அண்ணி மறுபடி அதே ரயிலில் ஏறவேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழே சயனைடு மேட்டு மணலை மூட்டைகட்டிப் போடலாம் என்றவள் நான்தான். அரைத்துப் பொன்னெடுத்த பின் சுரங்கம் கொட்டிய சக்கை அது. எங்கள் ஊரில் பள்ளம் தூர்க்க எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகும். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரையைப்போல உறுதியாக இருக்கும். மூட்டைகளை வைத்த அன்று தோசை வட்டமாக வந்தது. எனக்குள் சிறிது கர்வமும் வந்தது. மறுநாள் மாலை மழை பிடித்தது. நனைந்த மணல் சாக்கின் இழைகள் வழியே கூழாகக் கசிந்தது. காலையில் பார்த்தபோது தாழ்ந்த சக்கரம் புதைந்து, வண்டி ஒரு முழம் கீழே நகர்ந்து, ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. உள்ளே யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம். நகராட்சியிலிருந்து வந்த ஆய்வாளர் இரண்டு நாள் கெடு கொடுத்தார். "வண்டி அசையாம நிக்கணும். இல்லன்னா இழுத்துக்கினு போய்டுவோம்மா."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அண்ணி குறுக்கிட்டார்: "அழுவுறத அப்பால வெச்சுக்கலாம். சிலிண்டரு, தண்ணி டிரம்மு, எல்லாத்தையும் கீழ எறக்கு."

அந்த இரண்டு நாட்களை இன்றும் வரிசை மாறாமல் சொல்ல என்னால் முடியும். அண்ணி ஜீப்பை வரவழைத்து வண்டியைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து நிறுத்தினார். மணலை முழுக்க வாரிக் கொட்டிவிட்டு, கடப்பாரை 'ணங்' என்று ஒலிக்கும் கெட்டித் தரை வரும்வரை தோண்டினோம். தாழ்ந்த பக்கத்தில் அகலமான பலகைகளைப் பரப்பி, சக்கரம் அவற்றின்மேல் ஏறும்படி ஜீப்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தச் செய்தார். ஒரு கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை உள்ளே தரையில் குறுக்காக வைத்து நான் குமிழைப் பார்த்துச் சொன்னேன். குமிழ் நடுவுக்கு வந்தபின், இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரமுட்டுகளை அடித்து இறுக்கினார். அதற்குப் பிறகே கொக்கியைக் கழற்ற அனுமதித்தார். ஜீப்காரர் அவசரப்பட்டபோது, "முட்டு குடுக்காம கொக்கிய எடுத்தா வண்டி உன்னத் தேடிக்கினு வரும்ண்ணா, பரவால்லியா?" என்றார். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

முன்பக்க ஜாக்கியால் நீளவாட்டில் மட்டம் பார்த்தாயிற்று. வண்டியின் நான்கு மூலைகளிலும் இருந்த திருகுக் கால்களின் கீழும், சுரங்கத்தில் கூரையைத் தாங்க அடுக்குவதுபோல, இரண்டு நெடுக்காகவும் இரண்டு குறுக்காகவும் கட்டைகளை அடுக்கினார். கால்களை அவற்றின்மேல் பதியுமளவுக்கே இறக்கினார். இன்னும் கொஞ்சம் திருகலாமே என்றேன். "வேணாம். தூக்குறது இதோட வேல இல்ல. ஆடாம புடிச்சாப் போதும்." வேடிக்கை பார்த்த ஓய்வூதியக்காரர்கள் நால்வர் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கருத்துச் சொன்னார்கள், எந்த இரண்டு கருத்தும் ஒத்துப்போகவில்லை.

ஆய்வாளர் வந்தார். குனிந்து முட்டுகளைத் தட்டினார். மேட்டுப் பக்கம் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். பிறகு ஓய்வூதியக்காரர்களைப் பார்த்து, நால்வரும் உள்ளே ஏறுங்கள் என்றார். "ஏறுங்கப்பா, கேஜ் பெல்லு அடிச்சாச்சு!" என்று ஒருவர், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டுக்குக் கூப்பிடுவதுபோலக் கூவ, எல்லோரும் ஏறி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள். வண்டி முனகக்கூட இல்லை.

"எந்த மேஸ்திரி வெச்சது?"

"நான்தான் சார்."

அவர் படிவத்தை எடுத்தார். "பொறுப்பாளர்னு ஒரு பேர் எழுதணும். வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க."

"அவுரு ஆபீஸ்ல கீறாரு சார். வண்டிய நிறுத்துனது நானு. எம்பேர எழுதுங்க."

ஆய்வாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அண்ணியின் பெயரை முதலெழுத்தோடு கேட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார். ஓய்வூதியக்காரர்கள் கைதட்டினார்கள். நான் ரசமட்டத்தைத் துடைத்து, கொத்தனாரிடம் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்தேன்.

இப்போது விடியற்காலை ரயிலில் கல்லூரிக்குப் போகிறவள் நான். மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்டன. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அண்ணி முட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார். ரயில் கூவும்போது வரிசையில் நிற்பவர்கள் பதறுகிறார்கள்; பொட்டலங்களைப் பிடுங்கிக்கொண்டு சரிவில் ஓடுகிறார்கள். நான் ஜன்னலிலிருந்து கையசைக்கிறேன். அண்ணி நிமிர்ந்து பார்ப்பதில்லை. அடுத்த தோசையைத் திருப்ப வேண்டிய நேரம் அவருக்கு. அந்த ரயிலைப் பார்க்க நேரமில்லை.