வேப்பிலைத் தண்ணீர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாவது கரு கலைந்த பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பாலக்காட்டு டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார், அது கேட்டது, பழையபடி பால் கறந்து மீனாட்சிபுரம் சொசைட்டிக்கு நானே கொண்டுபோக ஆரம்பித்தேன். அப்போதுதான் மகள் யாழினிக்கு அம்மை போட்டது.

எங்கள் பக்கம் அம்மை வந்த வீட்டில் தாளிக்க மாட்டோம், மருந்து மாத்திரை தொட மாட்டோம். குழந்தைக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் அதுதான் முறை.

"ஏனுங்க, நானும் மாத்திரைய நிறுத்திப்போடட்டுங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஆத்தா ஊட்டுக்குள்ள இருக்கைல எப்படி புள்ள திங்கறது? தண்ணி ஊத்துனதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவே தோன்றவில்லை. கொஞ்ச நாளில் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி வெட்டியது, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும், காரணமே இல்லாமல் பயம். அதையும் ஆத்தாவின் சோதனை என்றே நினைத்தேன், அவ்வளவு புத்திசாலி நான்.

அன்று யாழினிக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். வாசலில் அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்திருந்தேன். அவர் தவிடு வாங்கப் போயிருந்தார். உச்சி வெயில். தோட்டத்துக் கிணற்றுப் பக்கமிருந்து ஒரு குரல், "தண்ணி காஞ்சிருச்சு, பாப்பாவக் கொண்டா."

எட்டிப் பார்த்தேன். கிணற்று மேட்டில் ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, நான் அன்று கட்டியிருந்த அதே மஞ்சள் சேலையில். குரல் என் குரல், சத்தியமாகச் சொல்கிறேன். பயமே வரவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு நினைவிருப்பது, தவிடு வாங்கித் திரும்பிய அவர் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்ததுதான். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு அது, என் காலடியில் மண் உள்ளே சரிந்துகொண்டிருந்தது.

"எங்க புள்ள போற?"

"தண்ணி ஊத்தக் கூப்புட்டாங்க."

"ஆரு?"

மேட்டில் யாரும் இல்லை.

மறுநாளே பாலக்காடு போனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை, அவர் முகம்தான் வெளுத்தது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலருக்கு இப்படியெல்லாம் ஆகும் என்றார். எனக்கு உயிரே திரும்பி வந்தது. நோய்தான், பேய் இல்லை என்று அழுதேன்.

வரும் வழியில் பஸ்ஸில் யாழினி என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, கெணத்துகிட்ட இருந்த இன்னொரு அம்மாவுக்கும் மூஞ்சியெல்லாம் அம்மை போட்டிருந்துச்சே, அவங்களுக்கு ஆரு தண்ணி ஊத்துவாங்க?"

மாத்திரையை நிறுத்தியது நான்தானே, குழந்தை இல்லையே.

இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறேன், கிணற்றுக்குச் சுவரும் கட்டியாயிற்று. ஆனால் இன்றும் நான் கூப்பிட்டால் யாழினி உடனே வருவதில்லை. முதலில் ஜன்னல் வழியாகக் கிணற்று மேட்டைப் பார்க்கிறாள், அப்புறம்தான் என்னிடம் வருகிறாள்.