வேலி வரைக்கும் வைத்தியம்

அகரத்து அய்யம்மாளுக்கு வாயும் நீளம், நடையும் நீளம். மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்க இறங்கினால் கூலிக்கு வந்த பெண்கள் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவார்கள். யார் கண் பட்டதோ, அறுபதைத் தாண்டியதும் வலது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நடக்க முடியவில்லை.

மில் வேலைக்குப் போகும் மகன் பழனிக்குமார் ஒரு நாள், "எம்மா, தோட்டத்தப் பெருமாள்சாமி மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுருவோம்" என்றான். அய்யம்மாளுக்கு மனசு வரவில்லை. புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தோட்டம்தான். "ஆடி முடியட்டும்டா" என்று தவணை வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றாள். முட்டிக்கு மாட்ட ஓர் உறை, மெத்தென்ற வார்ச்செருப்பு, அதற்குள் வைக்க ஓர் அட்டை என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். "வலி ஒரேயடியாப் போயிடாதும்மா. நடக்கும்போது கொஞ்சம் அடங்கும்."

மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்தவர், "நீ கேப்பா?" என்று கேட்டார்.

"வயசுக்கு மூத்தவளப் பாத்து நீன்னா சொல்ற?" என்று அய்யம்மாள் எகிறிவிட்டாள். முட்டி உறைக்குப் பெயரே 'நீ கேப்' என்று அவர் விளக்குவதற்குள் கடையே சிரித்தது.

ஆனி பிறந்தும் முட்டி மசியவில்லை. மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனாள். போனாள் என்ன, சண்டைக்கே போனாள்.

"என்னத்தச் செருப்பு குடுத்தீக? வலி அப்படியேதான் இருக்கு."

"வீட்டுக்குள்ள போடுறீங்களா?"

"வீட்டுக்குள்ள யாராச்சும் செருப்பு போடுவாகளா?"

"சரி, தோட்டத்துல?"

அய்யம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சோறு போடுற மண்ணு தாயி! வேலியோரம் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போவேன்."

"அப்ப எப்பத்தான் போடுறீங்க?"

யோசித்துப் பார்த்தாள். வீட்டு வாசலிலிருந்து தோட்டத்து வேலி வரைக்கும், கூப்பிடு தூரம். இத்தனை நாளும் வைத்தியம் அந்தத் தெருவுக்குத்தான் நடந்திருக்கிறது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கென்று வெளியே போடாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னாள் டாக்டரம்மா. அது எளிதாக முடிந்தது. தோட்டம்தான் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. மறுநாள் விடியலில் வேலியோரம் கால் எழும்பாமல் நின்றாள். செருப்போடு போனால் மண்ணுக்கு அவமரியாதை. போகாவிட்டால் மண்ணே கைவிட்டுப் போய்விடும். குனிய முடிந்த மட்டும் குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தா, திமிர்ல போடல. ஒங்கிட்ட வர்றதுக்குத்தான் போடுறேன். கோவிச்சுக்காத."

செருப்புக் காலை உள்ளே வைத்தாள். இடி ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு முட்டி வலி ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. செத்த நேரம் பறிப்பது, செத்த நேரம் உட்காருவது என்று அவளும் அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்.

ஆடி முடிந்ததும் தோட்டத்தைப் பார்க்கப் பெருமாள்சாமி வந்தார். அய்யம்மாள் முன்னால் நடந்து வரப்பு வரப்பாகக் காட்டினாள். பழனிக்குமார் அம்மாவின் நடையையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். பாதித் தோட்டம் தாண்டுவதற்குள் பெருமாள்சாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் அவள் காலில் நின்றது.

"ஏத்தா, எனக்கும் முட்டி உசுரு போகுது. இத எங்க வாங்குன?"

"டாக்டரம்மா பேரச் சொல்றேண்ணே, கடையச் சொல்றேன். தோட்டத்த மட்டும் கேக்காதீக."