கேட்டைத் தாண்டிய ஈ

நோயல் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்க வயலில் சுரங்கம் ஓடிய கடைசி வருஷங்களில் அவர் ஷாஃப்ட் வாசலில் காவல். ஷிஃப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வருகிறவர்களைச் சோதனை போடுவது வேலை. தங்கம் தலைமுடியில் வரும், டிபன் பாக்ஸின் அடியில் வரும், கன்னத்துக்குள் வரும். சுரங்கத்தை மூடினார்கள். நோயலின் கை நிற்கவில்லை.

பெங்களூரில் ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். முகூர்த்தப் புடவை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பெண்ணை வாயைத் திறக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே வேலை இல்லாமல் ஊருக்கு ரயில் ஏறினார்.

இப்போது, ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், பேத்தமங்களாவில், மாந்தோப்புக்கு நடுவில் உள்ள பழ ஈ ஆராய்ச்சிக்கூடத்தில் காவல். மாம்பழத்தில் முட்டையிட்டுப் புழு வைக்கிற ஈ அது. அதை ஒழிப்பதற்காகவே வலைக்கூண்டில் வைத்து, பழம் கொடுத்து, சீராட்டி வளர்க்கிறார்கள். ஈ வெளியே போகக் கூடாது என்று முதல் நாள் சொன்னார்கள். நோயலுக்கு அது போதும்.

சாயங்காலம் எல்லாரும் வாசலில் வரிசையில் நின்றார்கள். காலர், பை, டிபன் பாக்ஸ், வாய். பார்வையிட வந்த ஒரு பேராசிரியரின் தலையிலிருந்த விக்கையும் தூக்கிப் பார்த்தார். அடியில் ஈ இல்லை. பேராசிரியர் மறுபடி வரவில்லை.

"நம்ம கேட்டைத் தாண்டி ஒரு ஈ போனது கெடையாது" என்று ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் சொல்வார்.

"தங்கம்?" என்பார் பக்கத்து வீட்டு சைலஸ்.

நோயல் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

ஆராய்ச்சி மாணவி மமதாவின் பட்டம் ஒரே கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது: ஈ எவ்வளவு தூரம் போகும்? அது தெரிந்தால்தான் எந்த ஊர் வரை பொறி வைப்பது என்று விவசாயிகளுக்குச் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை, அனுமதி வாங்கி, ஆண் ஈக்களுக்கு ரோஜா நிறப் பொடி பூசித் தோப்பில் திறந்துவிட்டாள். சுற்று ஊர்களில் பொறி வைத்தாயிற்று. ஒன்று மிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் டப்பா, உள்ளே, ஆண் ஈக்களை இழுக்கும் எண்ணெயில் ஊறிய மரக்கட்டை.

"அங்கிள், இத உங்க வீட்டு கொய்யா மரத்துல கட்டுங்க. ஈ அவ்ளோ தூரம் வராது. சும்மா கட்டுங்க."

நோயல் டப்பாவுக்குப் பாலிதீன் சுற்றி டிபன் பையில் போட்டார். பையை நாற்காலியில் வைத்துவிட்டு ஈ விடுவதைப் பார்க்கப் போனார். பிறகு எல்லாரையும் சோதித்து அனுப்பி, கேட்டைப் பூட்டி, பையோடு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை காலை நோயல் கொய்யா மரத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பொறியில் ஒரு ஈ செத்துக் கிடந்தது. மமதா அதை நீல விளக்கின் கீழ் வைத்தாள். ரோஜா நிறத்தில் ஒளிர்ந்தது.

"கேஜிஎஃப் வரைக்கும் போயிருக்கு அங்கிள்." பெங்களூரில் இருக்கும் தன் ஆய்வு வழிகாட்டிக்கு போன் செய்தாள். நாளைக்கே வருகிறேன் என்றார். எல்லாருக்கும் மைசூர்பாகு வந்தது. நோயல் இரண்டு சாப்பிட்டார்.

வீட்டில் மனைவி ஐடா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நோயல் பெருமையாகச் சொல்லி முடித்தார்.

"அந்த ஈயா? அது வெள்ளிக்கெழமையே வந்துச்சே" என்றாள்.

"இன்னா சொல்றே?"

"டிபன் கழுவ பைய தொறந்தேன். ரெண்டு சேப்பு ஈ எழுந்து பறந்துச்சி. கலர் ஈ இன்னாத்துக்கு வாங்கியாந்தாருன்னு நெனச்சேன். ஜன்னலாண்ட தொரத்தி வுட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க கேட்டீங்க? வாயத் தொறந்தா உள்ளதான பாக்குறீங்க."

பையைக் கவிழ்த்தார். அடித் தையலில் ரோஜா நிறப் பொடி. சுரங்கத்தில் காவலாளியைச் சோதிக்க இன்னொரு காவலாளி இருந்தார். பேத்தமங்களாவில் கடைசியாக வெளியே வருவது நோயலும் அவர் டிபன் பையும்தான்.

"வுடுங்க. ஈ வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றாள் ஐடா.

நோயல் யோசித்தார். சொன்னால் மமதாவின் தூரம் போய்விடும். சர்ச் வாசலில் பேச ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் தன் டிபன் பையை நம்பி, அவ்வளவு தூரத்தில் இருக்கும் பூதிகோட்டை விவசாயிகூட வீணாகப் பொறி வாங்குவார்.

மறுநாள் காலை மமதா ஸ்கூட்டரில் வந்தபோது நோயல் கேட்டுக்கு வெளியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். டிபன் பை கழுத்தில் தொங்கியது.

"ஏனு அங்கிள், என்ன இது?"

"சோதனை போடுங்க மேடம்."

சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். விரலில் ஒட்டிய பொடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"பஸ்ஸுலயா வந்துச்சு?"

"ஆமா மேடம். ரெண்டு. டிக்கெட் எடுக்கல."

தூரத்தில் வழிகாட்டியின் கார் வந்துகொண்டிருந்தது.

"சார்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் மேடம்."

நோயல் கையை இறக்கப் போனார்.

"இன்னும் முடியல" என்றாள் மமதா. "வாயத் தொறங்க."

திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். கார் வந்து ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படாமல் இரண்டு கன்னத்தையும் பார்த்தாள்.